அண்ணி வைத்த பெட்டி

மருந்துக் கடைக்கு வந்து பேதிக்கு மாத்திரை கேட்கிறவர் சத்தமாகத்தான் கேட்கிறார். மூலத்துக்குக் களிம்பு வாங்குகிறவர் அதற்கும் ஒரு படி மேலே போய், "போன தடவை கொடுத்தது சரியில்லைங்க, இன்னும் எரியுது" என்று கடை முழுக்கக் கேட்கும்படி நிலவரம் சொல்கிறார். யாரும் முகம் சுளிப்பதில்லை. ஒரு பெண் நாப்கின் கேட்டுவிட்டால் மட்டும் அத்தனை பேருக்கும் கழுத்து சுளுக்கிக்கொள்கிறது. ஆளுக்கொரு திசையில் திரும்பி நிற்கிறார்கள்.

இதைப் பல வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். என் ஜெராக்ஸ் கடைக்கும் பக்கத்து மருந்துக் கடைக்கும் நடுவில் இருப்பது ஒரு பலகைத் தடுப்புதான். அங்கே யாராவது தும்மினால் இங்கே என் காகிதம் பறக்கும். அந்தக் கடையின் கவுண்டரில் நிற்பவள் என் அண்ணி, அதாவது என் கூடப்பிறந்த அண்ணனின் மனைவி. அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத எனக்குத்தான் கோபம் வருகிறது. வரட்டும்.

அண்ணி பிறந்த வீட்டில் பெண்கள் அதிகம், இடம் குறைவு. மாதா மாதம் துவைக்கிற துணியை வெயிலில் காயப்போடக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். யார் கண்ணிலாவது பட்டுவிடுமாம். குளியலறைக்குப் பின்னால், ஈரப் போர்வைக்கு அடியில், காற்று கூட எட்டிப் பார்க்காத இடத்தில்தான் அது தொங்க வேண்டும். பாதி காய்ந்ததை எடுத்துக் கட்டிக்கொண்டு அவளுடைய இரண்டாவது அக்காவுக்குப் புண்ணாகிவிட்டது. வெளியே சொல்ல வெட்கம். காய்ச்சல் வந்து பிதற்றுகிற வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது. ஆனால் அதற்குப் பிறகு அந்த அக்கா நிமிர்ந்து நடந்து யாரும் பார்த்ததில்லை. சட்டம் போட்டவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்த வீட்டிலிருந்து வந்த அண்ணி எங்கள் வீட்டில் செய்த முதல் காரியம், தன் துணியைத் துவைத்து முன்வாசல் கொடியில், அண்ணனின் சட்டைக்கும் என் துண்டுக்கும் நடுவில் போட்டது. அம்மா பதறிப்போய் எடுத்து உள்ளே கொண்டுவந்தாள். அண்ணி மறுபடி கொண்டுபோய்ப் போட்டாள். அம்மா எடுப்பதும் அண்ணி போடுவதுமாக அது ஓடியது. அடுத்த மாதமும் ஓடியது. கடைசியில் அம்மாதான் களைத்துப்போனாள். "உன் பொண்டாட்டிகிட்ட நீயே பேசிக்கோ" என்று அண்ணனிடம் சொன்னாள். அண்ணன் லாரி ஓட்டுகிறவன். அந்த வாரமே தூரத்துச் சவாரி ஒன்று பிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் அனுப்புகிற பணமும் அவனைப் போலத்தான், வந்தால் வரும். அதனால் அண்ணி வேலைக்குப் போனாள். மருந்துக் கடை முதலாளி நல்ல மனிதர். கடனுக்குக் கேட்டால் முகம் கோணாமல் மருந்து கொடுப்பார். ஆனால் நாப்கின் பாக்கெட் மட்டும் அம்மணமாகக் கடையை விட்டு வெளியே போகக் கூடாது. முதலில் பழைய செய்தித்தாளில் சுற்ற வேண்டும், அப்புறம் கறுப்புப் பையில் போட வேண்டும், அதற்கு மேல் ஒரு முடிச்சு. வெடிகுண்டுக்குக் கூட யாரும் இவ்வளவு பந்தோபஸ்து செய்ய மாட்டார்கள்.

கொஞ்ச காலம் அண்ணியும் சுற்றிக் கொடுத்தாள். ஒருநாள் கடை நிறைய ஆட்கள் இருக்கும்போது பாக்கெட்டை அப்படியே எடுத்துக் கவுண்டரில் வைத்தாள்.

முதலாளி கணக்குப் போடுவதை நிறுத்தினார். "பேப்பர்ல சுத்திக் கொடும்மா."

"எதுக்குங்க?"

"எதுக்குன்னா… நாலு பேர் வந்து போற இடம்."

"அந்த நாலு பேரும் எங்கேருந்துங்க வந்தாங்க?"

முதலாளி மறுபடி கணக்கு நோட்டுக்குள் குனிந்துகொண்டார். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் சிரித்த சிரிப்பில் யாரோ ஒருவருடைய பத்திரம் கோணலாக நகலெடுத்து வந்தது. அதற்குப் பிறகு, பை கேட்கிற பெண்களுக்கு அண்ணி பை கொடுத்தாள். கேட்காதவர்களுக்குத் தானாகச் சுற்றிக் கொடுப்பதை விட்டுவிட்டாள். வியாபாரம் ஒன்றும் படுத்துவிடவில்லை. முதலாளியும் நாளாக நாளாகக் கண்டும் காணாமல் இருக்கப் பழகிக்கொண்டார்.

எதிர்ச்சாரியில் ஒரு இஸ்திரி வண்டி நிற்கும். அதை வைத்திருக்கிற அக்காவுக்குப் புருஷன் உண்டு, எங்கே என்றுதான் தெரியாது. ஒரே மகள். பத்தாம் வகுப்பு. அந்தப் பெண்ணுக்குத் தெருவே வைத்த பெயர் ரேடியோ. இஸ்திரி போட்ட துணியை வீடு வீடாகக் கொடுக்கப் போகிறபோது இந்த வீட்டுச் செய்தியை அந்த வீட்டுக்கும், அந்த வீட்டுச் செய்தியை இந்த வீட்டுக்கும் ஒலிபரப்பிக்கொண்டே போவாள். வக்கீலாகப் போகிறேன் என்பாள். "கட்டணம் வாங்கிட்டுப் பேசுற வேலை அது ஒண்ணுதான் அக்கா, நான் இப்ப இலவசமா பேசிட்டிருக்கேன்" என்று என்னிடம் சொல்வாள். எனக்கு அவளை ரொம்பப் பிடிக்கும்.

இந்த ரேடியோ மாதா மாதம் மருந்துக் கடைக்கு வந்து சின்னதாக ஒரு சுருள் பஞ்சு வாங்குவதை அண்ணி கவனித்தாள். ஒருநாள் சாதாரணமாகக் கேட்டாள்.

"வீட்ல யாருக்கும்மா காயம்?"

ரேடியோ நின்றுபோனது. பஞ்சை எடுத்துக்கொண்டு, மீதிச் சில்லறையைக் கூட வாங்காமல் போய்விட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட நேரத்தில் அவள் இஸ்திரி வண்டிக்குப் பின்னால் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள். அதற்கடுத்த நாளும். அம்மாக்காரியைக் கேட்டால் வயிற்று வலி என்றாள். அடுத்த மாதமும் அதே பஞ்சு, அதே மூட்டை, அதே வயிற்று வலி. மீதிச் சில்லறையைக் கொடுக்கிற சாக்கில் அண்ணி அவளைக் கடைக்குள் கூப்பிட்டு, பால் பவுடர் டப்பாக்களுக்குப் பின்னால் உட்கார வைத்துப் பேச்சுக் கொடுத்தாள். மெல்ல விஷயம் வெளியே வந்தது.

பாக்கெட் வாங்குகிற அளவுக்கு வீட்டில் வசதி கிடையாது. பழைய துணிக்குள் பஞ்சை வைத்துக் கட்டிக்கொள்கிறாள். பள்ளிக்கூடத்தில் பாடத்துக்குப் பாடம் எழுந்து போக முடியாது. ஒருநாள் பெஞ்சில் பட்டுவிட்டது. பின்னால் இருந்தவர்கள் பார்த்துவிட்டார்கள். வகுப்பு ஆசிரியை ஒரு வார்த்தை ஆறுதலாகச் சொல்லவில்லை. மூக்கைச் சுருக்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போயிட்டு சுத்தமா வா" என்றாராம். அந்தச் "சுத்தமா" என்ற சொல்லை ரேடியோ சொன்னபோது அவள் உதடு கோணிக்கொண்டது. அதிலிருந்து அந்த நாட்களில் அவள் பள்ளிக்கூடத்துக்குப் போவதே இல்லை.

ஒரே ஒரு பாக்கெட். இது இல்லை என்பதற்காக ஒரு பெண் பாடத்தை விட்டுவிட்டுத் துணி மூட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள். அவளைச் சுற்றி உள்ள எல்லோரும் வயிற்று வலி என்று மென்று விழுங்கிக்கொண்டிருக்கிறார்கள். நான் அன்றைக்குக் கத்திய கத்தலில் ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் அப்புறம் வருகிறோம் என்று போய்விட்டார்கள். அண்ணி கத்தவில்லை. ரேடியோ கையில் ஒரு பாக்கெட்டைக் கொடுத்து, தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளும்படி முதலாளியிடம் சொன்னாள்.

அன்று மாலையே இஸ்திரிக்கார அக்கா கடைக்கு வந்துவிட்டாள். பாக்கெட்டைப் பிரிக்காமல் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தாள்.

"உங்களுக்குக் கோடிப் புண்ணியமா போகும். இதைப் பெரிசாக்காதீங்க. பொண்ணு பேரு நாலு தெருவுக்குப் போயிடும். அந்த நாள்ல வீட்ல இருந்தா ஒண்ணும் குடி முழுகிடாது."

"படிப்பு போகுதே."

"போனா போகுது. மானம் போகாம இருந்தா சரி."

அண்ணி அதற்கு மேல் அவளிடம் வாதாடவில்லை. ஆனால் விட்டுவிடவும் இல்லை. ஒரு பெண்ணுக்குத் தனியாகக் கொடுத்தால்தானே அவள் பெயர் அடிபடும், பள்ளிக்கூடத்துக்கே பொதுவாக வைத்துவிட்டால் என்ன என்று யோசித்தாள். பெண்கள் கழிப்பறைக்குள் ஒரு பெட்டி. வேண்டியவள் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தெருவில் தையல் மெஷின் வைத்திருக்கிறவளிடமும், பால் பூத் நடத்துகிற அம்மாவிடமும், மாடியில் குடியிருக்கிற வங்கி அதிகாரியம்மாவிடமும் பேசினாள். முடிந்தவர்கள் மாதம் முடிந்ததைக் கொடுப்பது என்று ஆயிற்று. முதலாளி கொள்முதல் விலைக்கே சரக்குக் கொடுத்தார். முணுமுணுத்துக்கொண்டுதான் கொடுத்தார், ஆனால் கொடுத்தார். என் பங்குக்கு நான் பெரிய எழுத்தில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுத்தேன்: "தேவையானவர்கள் எடுத்துக்கொள்ளலாம். யாரையும் கேட்க வேண்டியதில்லை."

பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியையை ஊரில் பெரிய டீச்சர் என்பார்கள். அந்தப் பள்ளிக்கூடத்திலேயே ஆசிரியையாகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்தவர். பெட்டியைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அதன் பக்கத்தில் நின்று புகைப்படம் கூட எடுத்துக்கொண்டார். "இந்த மாதிரி சேவை மனப்பான்மை எல்லாருக்கும் வரணும்" என்று இரண்டு வார்த்தை பேசினார். நாங்களும் பூரித்துப்போய்த் திரும்பி வந்தோம்.

மாதம் போயிற்று. பெட்டியை நிரப்ப வேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து தகவல் வரவில்லை. இன்னொரு மாதம் போயிற்று. வரவில்லை. ரேடியோ மட்டும் வழக்கம் போல மூட்டை மேல் உட்கார்ந்திருந்தாள்; அம்மாவுக்குப் பயந்து கடைப் பக்கமே வரவில்லை. அண்ணிக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மதிய இடைவேளையில் என்னையும் இழுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினாள்.

"நானே சொல்லி அனுப்பணும்னு இருந்தேன்" என்றார் பெரிய டீச்சர். "நீங்க வெச்சது வெச்சபடி இருக்கு. நம்ம பிள்ளைங்களுக்கு அந்த அளவுக்குத் தேவை இல்ல போல. எல்லாம் ஓரளவு வசதியான குடும்பம்தானே."

நாங்கள் கழிப்பறைக்குப் போய்ப் பார்த்தோம். சுவரில் பெட்டி. பெட்டி மேல் என் தாள், "யாரையும் கேட்க வேண்டியதில்லை." தாளுக்குக் கீழே, கட்டை விரல் பருமனில் ஒரு பூட்டு.

சாவி எங்கே என்று கேட்டோம். விளையாட்டு மாஸ்டரிடமாம். அவர்தான் எப்போதும் மைதானத்தில் இருப்பாராம், தேடிப் பிடிக்கச் சுலபமாம். அதாவது ஒரு பெண் வகுப்பை விட்டு எழுந்து, படி இறங்கி, பையன்கள் பந்து விளையாடுகிற மைதானத்தைக் கடந்து, கழுத்தில் விசில் தொங்குகிற ஒரு ஆண்பிள்ளையிடம் போய், "சார், சாவி" என்று கேட்க வேண்டும். அவர் "எந்தச் சாவி?" என்று கேட்பார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்பார். அப்புறம் அவள் சொல்ல வேண்டும். துணிந்து ஒருத்தி போயிருக்கிறாள். வகுப்பு ஆசிரியையிடம் சீட்டு வாங்கி வரும்படி அவளைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். ஒழுங்கு முறைப்படி.

"பூட்டலைன்னா எடுத்துட்டுப் போயிடுவாங்க" என்றார் பெரிய டீச்சர்.

"எடுத்துட்டுப் போகத்தானே டீச்சர் வெச்சோம்" என்றாள் அண்ணி.

"உங்களுக்குப் பிள்ளைங்களைப் பத்தித் தெரியாது. நிர்வாகத்துல கேட்டுட்டுச் சொல்றேன்."

நிர்வாகம் என்பது அவர்தான் என்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். பூட்டு அப்படியே தொங்கியது.

பரீட்சை நெருங்கியபோது வேறு ஒரு குண்டு விழுந்தது. ரேடியோவுக்கு வருகைப் பதிவு போதவில்லை, ஹால் டிக்கெட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். வராமல் போன நாளெல்லாம் எந்த நாள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. இஸ்திரிக்கார அக்கா விதி என்று விட்டுவிட்டாள். ரேடியோ விடவில்லை. அவளாகவே கடைக்கு வந்து அண்ணியைக் கூப்பிட்டாள். மூன்று பேரும் போனோம்.

பெரிய டீச்சர் அறையில் கிளார்க் இருந்தார், அந்த விளையாட்டு மாஸ்டரும் இருந்தார். பெரிய டீச்சர் குரலைத் தாழ்த்திக்கொண்டு நல்லது செய்கிற தோரணையில் அண்ணியிடம் வழி சொன்னார்.

"மஞ்சள் காமாலைன்னு ஒரு டாக்டர் சர்டிபிகேட் வாங்கிட்டு வந்துடுங்க. நான் பார்த்துக்கறேன். உங்க கடைக்கு வர்ற டாக்டர் யாராவது போட்டுக் கொடுப்பாங்க."

அண்ணி வாயைத் திறப்பதற்குள் ரேடியோ பேசினாள்.

"எனக்கு மஞ்சள் காமாலை வரல டீச்சர். பீரியட்ஸ் வந்துச்சு. மாசாமாசம் வருது. வெச்சுக்க ஒண்ணும் இல்லாம வீட்ல இருந்தேன். இங்கே பெட்டி இருக்கு, சாவி சார்கிட்ட இருக்கு."

மாஸ்டர் ஜன்னல் வழியாக வெளியே எதையோ ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். கிளார்க் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர், "சரி சரி, மெதுவா பேசு" என்று கையை ஆட்டினார். அந்தப் பேச்சு அந்த நிமிஷம் அந்த அறையில் முடிந்தால் போதும் என்பதற்காக அவர் சொத்தை எழுதிக் கொடு என்றாலும் கொடுத்திருப்பார். உடல்நலக் குறைவு என்று போட்டுக்கொள்வதாகச் சொன்னார். ஹால் டிக்கெட் மற்றவர்களோடு சேர்த்துக் கொடுக்கப்படும் என்றார். அண்ணி அப்படியே நின்றதைப் பார்த்து, பூட்டையும் எடுத்துவிடுவதாகச் சொன்னார். எடுத்தும்விட்டார். வெளியே வந்ததும் ரேடியோவுக்கு அண்ணி எலுமிச்சை ஜூஸ் வாங்கிக் கொடுத்தாள்.

பூட்டு எடுத்த அன்றே பெட்டி காலியானது.

இதைக் கேட்டதும் நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அத்தனை நாள் அத்தனை பெண்கள் எப்படித் தவித்திருந்தால் ஒரே நாளில் காலியாகியிருக்கும் என்று நினைத்தேன். கொஞ்சமாவது ஈரம் உள்ளவர்கள் அப்படித்தான் நினைப்பார்கள். பள்ளிக்கூடம் வேறு மாதிரி நினைத்தது. பெட்டி நிறைந்து கிடந்தபோது யாருக்கும் தேவையில்லை என்றார்கள். காலியானதும் திருட்டுப் போய்விட்டது என்கிறார்கள். இந்தப் பெண்கள் என்ன செய்தால்தான் இவர்கள் கணக்கு நேராகும் என்று எனக்கு இன்றைக்கு வரைக்கும் புரியவில்லை.

மாலை மணி அடிப்பதற்கு முன்னால் கேட்டை மூடிவிட்டு, பெண்களை மட்டும் வரிசையில் நிறுத்திப் பையைச் சோதித்திருக்கிறார்கள். ஒவ்வொருத்தியும் தன் பையைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். பையன்கள் மாடி வராந்தாவிலிருந்து வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். அத்தனை காலம் மறை, சுற்று, முடிச்சுப் போடு என்று சொல்லிக் கொடுத்தவர்களேதான் அன்றைக்கு அதையெல்லாம் மைதானத்தில் கொட்டச் சொன்னார்கள். நிறையப் பைகளிலிருந்து விழுந்தது. ஒன்று, இரண்டு. ரேடியோவின் பையிலிருந்து மட்டும் ஒரு கட்டு விழுந்தது.

"எதுக்கு இத்தனை?" என்று கேட்டிருக்கிறார்கள். சொல்லவில்லை. விற்கப் போகிறாயா என்று கேட்டிருக்கிறார்கள். அதற்கும் பதில் இல்லை. ஒழுக்கக் குறைவு, ஹால் டிக்கெட்டை நிறுத்தி வைக்கிறோம், நாளைக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வா என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அண்ணி கேட்டும் ரேடியோ காரணம் சொல்லவில்லை. அத்தனை பேர் முன்னால் பீரியட்ஸ் என்று சொன்ன பெண், இதற்கு வாயைத் திறக்கவே மாட்டேன் என்றாள். "ஹால் டிக்கெட் இல்லைன்னா போகட்டும் அத்தை" என்றாள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்து கரை சேருகிற நேரத்தில் இந்தப் பெண் ஏன் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறாள் என்று திட்டினேன். அண்ணி என்னை அதட்டி உட்கார வைத்தாள். அவளுக்கு அப்போதே ஏதோ பிடிபட்டிருக்க வேண்டும். என்னிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்தில் ஹால் டிக்கெட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாங்கிய பிள்ளைகள் வராந்தாவில் ஒருவருக்கொருவர் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இஸ்திரிக்கார அக்கா வேலைத் துணியோடு வந்திருந்தாள். முன்கையில் பழைய சூட்டுத் தழும்புகள் வரி வரியாகத் தெரிந்தன. இவள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக் காரியத்தைக் கெடுக்கப் போகிறாள் என்றுதான் நான் பயந்தேன். ரேடியோ தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அண்ணி முதலில் பேசினாள். "எடுத்துக்கலாம்னு எழுதி ஒட்டியிருந்ததை எடுத்திருக்கா. இதுல திருட்டு எங்கே டீச்சர் வந்தது?"

"அது ஒரு ஆளுக்குத் தேவையான அளவு எடுக்கறதுக்கு. இவ எடுத்தது ஒரு கட்டு. ஒரு பொண்ணுக்கு எதுக்கு இத்தனைன்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்கறா. அம்மா நீங்களே கேளுங்க."

இஸ்திரிக்கார அக்கா மகளைப் பார்த்தாள். மகள் நிமிரவில்லை.

"எனக்குத்தான் டீச்சர்" என்றாள்.

பெரிய டீச்சருக்குப் புரியவில்லை.

"எனக்கும் வருது. நாளெல்லாம் நின்னுக்கிட்டே இஸ்திரிப் பெட்டி தேய்க்கறேன். கிழிஞ்ச துணியை மடிச்சு வெச்சுக்குவேன். சூட்டுல, வேர்வையில தொடையெல்லாம் புண்ணு. அதை இவ பார்த்துட்டா. நான் எடுத்துட்டு வரச் சொல்லல. ஆனா எனக்குத்தான் எடுத்திருக்கா. அம்மா விஷயத்தை எப்படி சபையில சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டு நிக்கறா."

ரேடியோ அழ ஆரம்பித்தாள். சத்தமில்லாமல்.

"ஐயோ, அது பாவம்தான்" என்றார் பெரிய டீச்சர். "ஆனா இது பள்ளிக்கூடத்துப் பொருள் இல்லையா. இங்கே படிக்கற பிள்ளைங்களுக்கு மட்டும்தானே."

"நானும் இங்கே படிச்சவதான் டீச்சர். எட்டாவது. உங்க வகுப்பு."

பெரிய டீச்சர் மூக்குக் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு பார்த்தார். வாரா வாரம் தன் துணியை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்குகிறவளின் முகத்தை அவர் அன்றைக்குத்தான் முழுசாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

"என் துணியில பட்டுடுச்சு. வீட்டுக்குப் போயிட்டு நின்னதும் வான்னு நீங்கதான் அனுப்பினீங்க. போனேன். அடுத்த மாசம் நானாவே போயிட்டேன். அப்புறம் பரீட்சை எழுத வந்தப்ப, பேரை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. நான் ஏன் வரலைன்னு யாரும் கேக்கல. எங்க வீட்லயும் கேக்கல. எனக்கு வேற வழி தெரியாமதான் இவளையும் வீட்ல உட்கார வெச்சேன். மானம் மானம்னு சொல்லி உட்கார வெச்சேன். நேத்து இவ பையைக் கொட்டச் சொன்னப்ப மானம் எங்கே போச்சுன்னு தெரியல."

அண்ணி அவள் முதுகில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

இஸ்திரிக்கார அக்கா கையை நீட்டினாள். "ஹால் டிக்கெட்டைக் கொடுங்க டீச்சர்."

பெரிய டீச்சர் தடுமாறினார். மேசை மேல் இருந்ததையெல்லாம் இடம் மாற்றி வைத்தார். "கொடுக்கறேன். கொடுக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா நடந்தது நடந்துபோச்சு. ஒரு முறைக்காக மன்னிப்புக் கடிதம் ஒண்ணு மட்டும் எழுதி வெச்சுட்டா…"

"யாரு எழுதணும் டீச்சர்?"

குத்திக்காட்டுவதற்காக அவள் கேட்கவில்லை. அவளுக்குக் குத்திக்காட்டவெல்லாம் வராது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

பெரிய டீச்சர் இழுப்பறையைத் திறந்து ஹால் டிக்கெட்டை எடுத்துக் கொடுத்தார். இஸ்திரிக்கார அக்கா அதில் இருந்த மகளின் பெயரை வாய்க்குள் ஒரு முறை படித்துப் பார்த்துவிட்டு, அவள் கையில் கொடுத்தாள்.